நூற்றைம்பது குதிரையும் எழுபத்தொரு கிலோவும்

காலையில் திரைச்சீலையை விலக்கினால் முதலில் தெரிவது ஒரு வள்ளம். கண்ணுக்கெட்டிய தூரத்தில் ஆறும் இல்லை, கடலும் இல்லை. ஜெர்மனியின் கெல்சென்கிர்ச்சன் நகரில் மூன்று மாடி வீடுகள் நிரையாக நிற்கும் தெரு அது. பதினொரு கார்கள், பன்னிரண்டாவதாக இழுவை வண்டியில் என் மகன் சுதனின் வள்ளம். ஊரிலிருந்து வாசிப்பவர்கள் நம்பமாட்டீர்கள்; இங்கே இருப்பவர்கள் இதில் என்ன புதினம் என்பீர்கள். பாஸ் என்கிற மீனைப் பிடிப்பதற்கென்று அமெரிக்காவில் செய்த வள்ளம் இது. தட்டையான உடம்பு, மினுங்கும் சிவப்பு, பின்பலகையில் வெளிப்புறமாகப் பூட்டிய நூற்றைம்பது குதிரைவலு என்ஜின். நாங்கள் போகிற றைன் ஆற்றில் அந்த மீன் இல்லை என்று சுதனே சொல்கிறான். தெருவில் எதிர்ப்படும் ஜெர்மன்காரர் வள்ளத்தைக் காட்டி “ஷோன்” என்பார், அழகு என்று. நான் தலையாட்டுவேன். அதன் ஆட்டத்தை அவர் பார்த்ததில்லை.

மணிக்கு எழுபது கிலோமீட்டர் வரை அது நல்ல பிள்ளை. எண்பதைத் தாண்டினால் முன்பக்கம் தண்ணீரைவிட்டு எழும்பிவிடும். ஐந்தரை மீற்றர் வள்ளம், பின்னால் அடியில் இரண்டு சாண் அகலத் துண்டில் மட்டும் நிற்கும். பிறகு வலப்பக்கம் விழும், இடப்பக்கம் விழும். ஒவ்வொரு விழுகையும் முன்னதைவிடப் பெரிது. நான் எண்ணியிருக்கிறேன்: ஐந்தாவதில் சுதன் வேகத்தைக் குறைப்பான். அதுவும் மெல்ல மெல்ல. சட்டென்று குறைத்தால் வள்ளத்தின் மூக்குத் தண்ணீருக்குள் குத்திவிடுமாம். நான் பக்கத்தில் இல்லாமல் தனியே ஓடினால் ஆட்டம் இன்னும் மோசம். சாரதி இருக்கை வலப்பக்கம். அவனுடைய பாரம் முழுவதும் அங்கேதான்.

எனக்கு அடுத்த மாதம் யாழ்ப்பாணத்துக்குப் பயணம். என் மனைவியும் மகளின் குடும்பமும் அங்கே, சுதன் இங்கே தனியே. நான் போனபிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் ஒற்றை ஆளாக இந்த வள்ளத்தில் ஏறுவான். அதற்கு முன் இந்த ஆட்டம் நிற்கவேண்டும். இந்தக் கோடை முழுவதும் எனக்கு இருந்த கவலை இது ஒன்றுதான். என் சர்க்கரை வியாதியைக்கூட மறந்துவிட்டேன்.

“மெல்ல ஓடினால் என்னடா?” என்று கேட்டேன்.

“மெல்ல ஓடுறதெண்டால் கனால் வாய்க்காலிலை வாத்தோடை ஓடலாம், அப்பா. கிழமை முழுக்க லிஃப்ட் திருத்துறனெண்டு கிணறு மாதிரிக் கிடங்குக்குள்ளை நிக்கிறன். ஞாயிறு ஒருக்கா நேரா ஓட விடுங்கோ.”

நான் நில அளவையாளனாக இருந்து ஓய்வு பெற்றவன். ஒரு கோணம் பிழைத்தால் திரும்பப் போய் அளக்கலாம். தண்ணீரில் திரும்பப் போக முடியாது. நெடுந்தீவுக்கு அளவை வேலைக்குப் போன நாட்களில் நாங்கள் ஏறியது எட்டுக் குதிரை என்ஜின் பூட்டிய வள்ளம். கருவிப் பெட்டிகள், முக்காலிகள், சங்கிலிகள், ஏழெட்டுப் பேர். காற்றுக்கு வள்ளம் சரிந்தால் ஓட்டி திரும்பிப் பாராமலே கத்துவார்: “ஐயாமார், அங்காலை சாயுங்கோ!” எல்லோரும் சாய்வோம். வள்ளம் சொன்னபடி நிமிரும். அது ஒரு கூட்டு வேலை. சாயாமல் இருந்தவனைக் கரையேறும்வரை கேலி பண்ணுவார்கள்.

சுதன் ஒன்றொன்றாகத் திருத்தினான். ஸ்டியரிங்கை இரண்டு விரல் அகலம் திருப்பியபிறகுதான் என்ஜின் அசைந்தது. அதன் எண்ணெய்க் குழாய்க்குள் காற்றுப் புகுந்திருந்தது. படகுத்துறையில் பட்டறை வைத்திருக்கும் யூர்கனோடு சேர்ந்து அந்தக் காற்றை வெளியேற்றினான். என்ஜினை ஒரு துளை கீழே இறக்கிப் பூட்டினான். பின்னால் இருந்த மூன்று பட்டரிகளில் ஒன்றை இடப்பக்கம் மாற்றினான். நான் டோர்ச் பிடித்தேன். பிறகு “நிழல் விழுது, அப்பா” என்று அதையும் வாங்கிவிட்டார்கள். அந்த ஞாயிறு மறுபடி ஓடினோம். எண்பத்தைந்தில் மறுபடி ஆடியது.

யூர்கனுக்குப் பிடிபடவில்லை. பின்பக்கத்தில் ஒரு கமராவைப் பூட்டி எங்களை மறுபடி அனுப்பினார். திரும்பி வந்து மூவரும் கரையில் நின்று பார்த்தோம். சுதனின் முதுகு அசையவில்லை. பக்கத்தில் செம்மஞ்சள் மிதவை அங்கி ஒன்று வலம் போகிறது, இடம் போகிறது, வலம் போகிறது. யூர்கன் சிரித்துச் சிரித்துத் தன் தொடையில் அடித்தார். “டெர் ஃபாட்டர் டான்ஸ்ட்!”

“நீங்கள் டான்ஸ் ஆடுறியளாம், அப்பா,” என்றான் சுதன். அவன் சிரிக்கவில்லை. “ஏன் சாயிறியள்?”

“விழுற பக்கத்துக்கு எதிர்ப்பக்கம்தானடா சாஞ்சனான். உனக்கு உதவியா.”

“நீங்கள் சாயேக்கை அது தானா மற்றப் பக்கம் வரத் துவங்கியிட்டுது. பிந்திப்போய்த் தள்ளிவிடுறியள். எட்டுக் குதிரை நிண்டு கேக்கும், இது கேக்காது.”

“அப்ப நான் என்ன செய்ய?”

சுதன் யூர்கனிடம் கேட்டான். யூர்கன் இரண்டு கைகளையும் விரித்து ஒரே சொல் சொன்னார்: “நிஷ்ட்ஸ்.” ஒன்றும் இல்லை.

மூன்று பேரக்குழந்தைகளுக்குக் காய்ச்சல் பார்த்தவனிடம், முப்பத்திரண்டு வருடம் அரசாங்க எல்லைக்கற்களைச் சரிபார்த்தவனிடம் ஒன்றும் செய்யாதே என்கிறார்கள். மறுபடி ஆற்றில் இறங்கியபோது கைகளைத் தொடைகளுக்கு அடியில் வைத்து அவற்றின் மேல் உட்கார்ந்தேன். எண்பது. எண்பத்தைந்து. வலப்பக்கம் சற்றுச் சரிந்தது. என் உடம்பு முழுவதும் இடப்பக்கம் போகத் துடித்தது, போகவில்லை. சுதன் ஸ்டியரிங்கை ஒரு மயிரிழை அசைத்தான். தொண்ணூறில் அது கோடு கீறியதுபோல ஓடியது. சுதன் வாய்விட்டுச் சிரித்தான். அந்தச் சிரிப்பை நான் கேட்டுப் பல வருடம்.

ஆனால் நான் இல்லாதபோது? கரைக்கு வந்ததும் அதைத்தான் கேட்டேன். யூர்கன் என்னை மேலும் கீழும் பார்த்து எத்தனை கிலோ என்று கேட்டார். வயதான மனிதனின் சுகம் விசாரிக்கிறார் என்று நினைத்து, “எழுபத்தொன்று. சுகர் குட்” என்றேன். அவர் சுகரைக் கவனிக்கவில்லை. பட்டறைக்குள் போய் மணல் மூட்டைகள் கொண்டுவந்தார். இருபத்தைந்து, இருபத்தைந்து, இருபது. ஒரு கிலோ குறைவு என்றேன். சுதன் தன் சாப்பாட்டுப் பெட்டியையும் சேர்த்துவைத்தான். மூட்டைகளை இடப்பக்க இருக்கையில் அடுக்கி, நழுவாமல் இருக்க என் மிதவை அங்கியைக் கழற்றி வாங்கி, அவற்றைச் சுற்றி இறுக்கிக் கட்டினான்.

“வடிவா இருக்கிறியள், அப்பா,” என்றான் மூட்டைகளைப் பார்த்து. பிறகு என் பக்கம் திரும்பி, “இனிப் பயப்பிடாமல் ஊருக்குப் போட்டு வாங்கோ.”

“கயிறைக் காலிலை கட்டினியோ?” என்று கேட்டேன். ஆள் விழுந்தால் என்ஜினை நிறுத்தும் கயிறு அது.

“ஓம், ஓம். மூண்டாந்தரம் கேக்கிறியள்.”

நான்காவது தரம் என்று நான் திருத்தவில்லை. வள்ளம் போனது. முன்பக்கம் எழும்பியது. நான் எண்ணத் தயாராக நின்றேன். முதல் வளைவுவரை ஒன்றும் இல்லை. திரும்பி வருகையிலும் ஒன்றும் இல்லை. எனக்கு வேண்டியது அதுதான். ஆனாலும் அது ஒரேயொரு தரம், சின்னதாக, ஆபத்தில்லாமல் ஆடாதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

“குட்?” என்றார் யூர்கன்.

“குட்,” என்றேன்.

சுதன் கைகாட்டிக்கொண்டு எங்களைக் கடந்தான். அவனுக்குப் பக்கத்தில் தலையில்லாத செம்மஞ்சள் அங்கி ஒன்று, இந்தப் பக்கமும் சாயாமல் அந்தப் பக்கமும் சாயாமல், என் எடையை வைத்துக்கொண்டு நேராகப் போனது. அங்கி இல்லாத எனக்குக் கரையில் காற்று உறைத்தது.