பிஸ்கட்டுக்கும் கீழே

எனக்கு ஒன்பது வயதாகும்வரை தம்பியின் மேல் பெரிய புகார் எதுவும் கிடையாது. அவன் அதிகம் பேசமாட்டான், என் பொம்மைகளைக் கேட்கமாட்டான், கூப்பிட்டால் திரும்பமாட்டான். ஒரு தம்பிக்கு இவையெல்லாம் நல்ல குணங்கள் என்றே நினைத்திருந்தேன். பெரியவர்கள் அதற்கு ஆட்டிசம் என்று பெயர் சொன்னார்கள். அந்தப் பெயரும் என்னை ஒன்றும் செய்யவில்லை. அவனைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திய பிறகுதான் எனக்கு வயிறு எரிய ஆரம்பித்தது.

அப்போது நாங்கள் பெங்களூரை ஒட்டிய ஹெப்பகோடியில் குடியிருந்தோம். அப்பாவுக்குப் பக்கத்திலிருந்த ஃபேக்டரியில் ஷிஃப்ட் வேலை. அம்மா எலக்ட்ரானிக் சிட்டியில் ஒரு ஆபீசில் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தாள். தம்பியின் பள்ளிக்கூடத்தில் மணி அடித்தால் அவன் காதைப் பொத்திக்கொண்டு பெஞ்சுக்கு அடியில் போய்விடுவான். மணி நின்ற பிறகும் வெளியே வரமாட்டான். கூடவே யாராவது உட்கார வேண்டும், முடியாவிட்டால் வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். அம்மா சம்பளமில்லாத லீவு போட்டாள். தசரா விடுமுறைவரை வீட்டிலேயே சொல்லிக்கொடுத்துப் பார்ப்பது, சரிப்பட்டால் வேலையை விட்டுவிடுவது, சரிப்படாவிட்டால் வேறு பள்ளிக்கூடம் தேடுவது என்று வீட்டில் பேசி வைத்திருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஓசூரிலிருந்து வரும் சித்தப்பாவுக்கு இதில் சம்மதமே இல்லை. “நாலு பசங்களோட பழகினாத்தான் அண்ணி அவனுக்குப் பேச்சு வரும். வீட்ல அடைச்சு வெச்சா இருக்கறதும் போயிடும்” என்பார். அம்மா அவர் தட்டில் இன்னொரு தோசையைப் போடுவாள். அப்பா யார் பேசினாலும் தலையாட்டுவார். எனக்குச் சித்தப்பாவைக் கட்டிப் பிடித்துக்கொள்ளலாம் போலிருக்கும். தம்பிக்குப் பேச்சு வருகிறதோ இல்லையோ, அம்மா அவனை விட்டு ஆபீசுக்குப் போனால் எனக்குப் போதும்.

எனக்கென்று லீவு போட்ட அம்மாவை நான் பார்த்ததே இல்லை. காய்ச்சல் என்றால்கூட கீழே ஓனர் ஆன்ட்டி வீட்டில் ரசம் சாதத்தோடு விட்டுவிட்டுப் போய்விடுவாள். இவனுக்கோ முழு அம்மா, நாள் முழுவதும். காலையில் வேன்காரர் ஹாரன் அடிக்கும்போது நான் அவிழ்ந்த லேஸோடு படியிறங்குவேன். அவன் அம்மாவின் மடியில் சாய்ந்து இட்லியைப் பிய்த்துக்கொண்டிருப்பான். வகுப்பில் எனக்குப் பாடம் ஏறாது. இப்போது அம்மா அவனுக்கு என்ன ஊட்டுகிறாளோ, என்ன பாடுகிறாளோ என்பதே மண்டைக்குள் ஓடும்.

அவனுடைய பள்ளிக்கூடம் என்பது ஹாலில் இருந்த இரும்பு பீரோவின் கதவுதான். தெரபிக்குப் போன இடத்தில் சொல்லிக்கொடுத்தபடி, அம்மா ஸ்வீட் பாக்ஸ் அட்டையை வெட்டி, படம் ஒட்டி, பின்னால் காந்தம் வைத்து, கதவில் மேலிருந்து கீழாக மாட்டியிருந்தாள். பல் துலக்குவது, குளியல், இட்லி, எழுத்து, மொட்டைமாடி, சோறு, தூக்கம், பிஸ்கட். ஒவ்வொன்றும் முடிந்ததும் தம்பி அந்த அட்டையைக் கழற்றிப் பழைய பால்பவுடர் டப்பாவில் போடுவான். டப்பாவில் விழும் சத்தம் கேட்ட பிறகுதான் அடுத்த வேலைக்கு நகர்வான்.

ஒருநாள் வேன் வரத் தாமதமானது. நேரம் போகாமல் அந்த வரிசையைக் கீழே வரைக்கும் பார்த்தேன். கடைசியில், பிஸ்கட்டுக்கும் கீழே, என் போட்டோ இருந்தது. ஐடி கார்டுக்காக எடுத்த, எண்ணெய் வழியும் போட்டோ.

எங்கள் வகுப்பில் பரீட்சை முடிந்தால் கதவில் ரேங்க் லிஸ்ட் ஒட்டுவார்கள். மேலே இருப்பதற்கும் கீழே இருப்பதற்கும் என்ன அர்த்தம் என்று எனக்கு நன்றாகத் தெரியும். இட்லிக்குக் கீழே என்றாலும் பொறுத்துக்கொண்டிருப்பேன். டீயில் நனைத்தால் உடைந்து விழுகிற பிஸ்கட்டுக்கும் கீழேயா நான்? அதையும் என் அம்மாவே தன் கையால் ஒட்டியிருக்கிறாள்!

அன்று சாயங்காலம், நானும் இனிமேல் வீட்டிலேயேதான் படிக்கப்போகிறேன் என்று அறிவித்தேன். அம்மா சிரித்தாள். நான் தட்டைத் தள்ளிவிட்டேன். அப்பாதான், “ஒருநாள் இருந்து பாக்கட்டும் விடு, அவளே ஓடிடுவா” என்றார்.

மறுநாள் காலை நைட் ஷிஃப்ட் முடிந்து வந்த அப்பா, நான் இன்றைக்கு வரவில்லை என்று வேன்காரரிடம் கன்னடத்தில் சொல்லிவிட்டுப் படுக்கப் போனார். வேன் தெருமுனை திரும்புவதை ஜன்னலிலிருந்து மகாராணி மாதிரி பார்த்தேன். தம்பியும் பார்த்தான். வேனைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், மறுபடி வேன் போன திசையைப் பார்த்தான்.

நான் முதல் வேலையாக என் போட்டோவை எடுத்து எல்லாவற்றுக்கும் மேலே வைத்தேன். தம்பி வந்து அதை எடுத்து பிஸ்கட்டுக்குக் கீழே வைத்தான். நான் மேலே வைத்தேன். அவன் கீழே வைத்தான். அவன் முகத்தில் கோபமே இல்லை, அதுதான் எனக்கு இன்னும் கோபத்தைக் கிளப்பியது. நாற்காலி போட்டு ஏறி, அவன் கை எட்டாத உச்சியில் வைத்துவிட்டு இறங்கினேன். அவன் காதைப் பொத்திக்கொண்டு வீறிட்டு அழுதான்.

அம்மா ஓடிவந்தாள். “அத எடுத்துக் கீழ வெச்சிடும்மா. என் தங்கமில்ல?”

“அவன்தான் என்னைக் கீழ வெக்கிறான். அவனை ஒண்ணும் சொல்லமாட்டியே நீ!” என்று நானும் அழுதேன்.

அதற்குள் தம்பி அழுகையை நிறுத்திவிட்டு உள்ளே போனான். என் ஸ்கூல் பையைத் தரையோடு இழுத்துக்கொண்டு வந்து என் காலடியில் போட்டான். மறுபடி போய் ஒரு ஷூவைக் கொண்டுவந்தான். இன்னொன்றைத் தேடிக் கொண்டுவந்தான். பிறகு வாசற்கதவைத் திறந்து, என் முதுகில் இரண்டு கைகளையும் வைத்துத் தள்ளினான்.

“போ” என்றான்.

என்னைப் பார்த்து அவன் சொன்ன முதல் வார்த்தை அதுதான். அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். சத்தம் கேட்டு எழுந்து வந்த அப்பாவிடம், “இவனுக்கு ஒண்ணுமே புரியலன்னு சொன்னாங்களேங்க. எதுக்கு அப்புறம் எதுன்னு வரிசை தெரியுதுங்க. அவ போனாத்தான் சாயங்காலம் திரும்பி வருவான்னு தெரியுதுங்க” என்றாள். அப்பா தூக்கக் கலக்கத்திலேயே தம்பியின் தலையைத் தடவினார். வீட்டை விட்டுத் துரத்தப்பட்டவள் நான், தடவல் அவனுக்கு. அம்மாவின் அழுகையும் அவனுக்குத்தான் என்று எனக்குச் சந்தேகமே இல்லை.

அப்பா பைக்கில் கொண்டுபோய்ப் பள்ளிக்கூடத்தில் விட்டார். வழியெல்லாம் அவர் இடுப்பைப் பிடிக்காமல் சீட் கம்பியையே பிடித்துக்கொண்டு போனேன்.

சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்தபோது அம்மா போனில், இனி ஆபீசுக்கு வரவில்லை என்று யாரிடமோ இங்கிலீஷில் சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்கு அரைநாள் லீவு போடாதவள் அவனுக்காக வேலையையே விடுகிறாள் என்று பொருமினேன்.

தம்பி பீரோவுக்கு எதிரில் நின்றுகொண்டிருந்தான். கதவில், அம்மா பழைய இடத்துக்கே இறக்கி வைத்திருந்த என் போட்டோ ஒன்றுதான் மிச்சம் இருந்தது. செருப்பு ஸ்டாண்டில் நான் ஷூவைக் கழற்றி வைத்ததும், என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், போட்டோவை எடுத்து டப்பாவில் போட்டு மூடினான். பிறகு கைகளை உதறிக்கொண்டு ஹாலைச் சுற்றிச் சுற்றிக் குதித்து ஓடினான்.

“பாரும்மா, என்னைத் தூக்கி டப்பாவுல போட்டுட்டு டான்ஸ் ஆடறான்!”

அம்மா போனை வைத்துவிட்டு என்னை இழுத்து இறுக்கிக்கொண்டாள். அப்போதும் அவள் கண் அவன் மேலேயே இருந்தது எனக்குப் பிடிக்கவில்லை. தினமும் காலையிலிருந்து ஒவ்வொரு அட்டையாகக் கழற்றிப் போட்டு, குளியலைத் தாண்டி, சோற்றைத் தாண்டி, தனக்குப் பிடித்த பிஸ்கட்டையும் தாண்டி, ஒருவன் என் போட்டோ வரைக்கும் வந்து சேர்ந்துகொண்டிருந்தான் என்பது அந்த வயதில் எனக்கு எட்டவில்லை. மறுநாள் காலையும் பீரோவைப் பார்த்தேன். பிஸ்கட்டுக்குக் கீழேதான் இருந்தேன்.