கன்னியம்மாவின் மோட்டார் கொட்டாய்

போன வாரம் மதுராந்தகம் பக்கத்தில் ஒரு கிராமத்தில் என்னைப் பிடித்து வைத்துவிட்டார்கள். நான் செய்த குற்றம்? இயற்கைக் காட்சி வரைந்தது.

அறுபது வயதில் ஊரே சுகர் மாத்திரையோடு வாக்கிங் கிளம்பும்போது, நான் ஓவியர் ஆகக் கிளம்பியவன். ரிட்டயர் ஆன மறுமாதமே விசிட்டிங் கார்டு அடித்தாயிற்று. 'லேண்ட்ஸ்கேப் ஆர்ட்டிஸ்ட்'. அதைப் பார்த்துவிட்டு இதுவரை மூன்று பேர் வீட்டு வாசலில் புல்தரை போட்டுத் தரச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள்.

ஒரு வருடத்தில் விற்றது? ஒன்றுகூட இல்லை. மச்சினிக்கு இனாமாகக் கொடுத்ததே திரும்பி வந்துவிட்டது. ஹவுஸ் ஓனர் ஆணி அடிக்கக் கூடாது என்றாராம். "ஒண்ணாவது வித்துட்டு வாங்க, அப்புறம் ஓவியர்னு சொல்லிக்கலாம்" என்று என் மனைவி தீர்ப்பு எழுதிவிட்டாள்.

இந்த நிலையில்தான் மாமல்லபுரம் பக்கத்து ரிசார்ட் ஒன்றின் மேனேஜர் போன் செய்தார். "ரிசப்ஷன்ல மாட்டணும் சார். பச்சை வயல், ஏரி, கொக்கு... பிடிச்சிருந்தா பத்து ரூமுக்கும் உங்க படம்தான்." கடற்கரையில் இருந்துகொண்டு வயல் கேட்கிறார். கேட்கட்டுமே! மொத்தம் பதினோரு ஓவியம். விடுவேனா?

ஸ்கூட்டரில் எல்லாவற்றையும் கட்டிக்கொண்டு போய், ஏரிக்கரை ஓரம் படம் வைக்கும் ஸ்டாண்டை நிறுத்தினேன். படம் முக்கால்வாசி முடிந்தபோது முதுகுக்குப் பின்னால் ஒரு குரல்.

"இன்னா சார், அளந்துகினு கீறியா?"

ஐம்பது வயதுப் பெண்மணி. கையில் மண்வெட்டி. பெயர் கன்னியம்மா என்று பிறகு தெரிந்தது. கூடவே நாலைந்து பேர். மூன்று கால் ஸ்டாண்டு, தொப்பி, ஒரு கண்ணை மூடிப் பென்சிலை நீட்டி அளவு பார்க்கும் ஆசாமி — அந்த ஊரில் இதற்கு ஒரே அர்த்தம்தான். ரோடு வருகிறது, நிலம் போகிறது.

"அளக்கலம்மா. படம் வரையறேன்."

"போன தபா வந்தவனும் சும்மா போட்டோ எடுக்கறேன்னுதான் சொன்னான். அப்பால கல்லு நட்டுட்டுப் பூட்டான். வண்டி சாவியக் குடு."

கொடுத்தேன். கேட்டதும் கொடுத்துவிடுவது... முப்பத்திரண்டு வருட சர்வீஸில் நான் கற்ற ஒரே வித்தை.

கன்னியம்மா படத்தை உற்றுப் பார்த்தார். நான் பாராட்டுக்குத் தயாரானேன்.

"இது என் கயனிதானே? மோட்டார் கொட்டா எங்க?"

"அது... அழகுக்காக விட்டுட்டேம்மா." தகரக் கதவு, அதில் கரண்ட் சர்வீஸ் நம்பர், மேலே தொங்கும் ஒயர். இயற்கைக் காட்சியில் இதெல்லாம் வரலாமா?

"இன்னா பெரிய அழகு? கம்மல வித்து போர் போட்டவ நானு. ரோடு ஆபீஸ்காரங்க போட்ட மேப்புல கொட்டாயே காணோம். வெறும் தரிசுன்னு எழுதிகினு பூட்டாங்க. இல்ல சார், இங்க பயிரு கீதுன்னு இன்னும் ஆபீஸ் ஆபீஸா அலையறோம். நீயும் வுட்டுடுவியா?"

எனக்குச் சுருக்கென்றது. ஏன் என்று அவரிடம் சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன். நான் ரோடு ஆபீஸில் மேப் வரையும் டிராஃப்ட்ஸ்மேனாக இருந்தவன். அந்த மேப் நான் போட்டதில்லை. ஆனால் அதே மாதிரி எத்தனையோ போட்டிருக்கிறேன். "கிணறு, கொட்டாய் எல்லாம் எதுக்குய்யா? கிளீனா இருக்கட்டும்" என்று மேலேயிருந்து உத்தரவு வரும். கிளீனாகப் போட்டுக் கையெழுத்தும் போடுவேன். அன்றைக்கு அந்த ஏரிக்கரையில் நின்றபோது நிஜமாகவே வெட்கமாக இருந்தது.

கொட்டாயை வரைந்தேன். கதவை வரைந்தேன். ஒயரையும் இழுத்தேன். "நம்பரு?" என்றார். எழுதினேன். அதற்கப்புறம்தான் சாவி கைக்கு வந்தது.

வெள்ளிக்கிழமை ரிசார்ட். மேனேஜர் இரண்டடி பின்னால் போய் நின்று பார்த்தார். "சூப்பர் சார்! அந்த ஷெட்டை மட்டும் எடுத்துடுங்க. கெஸ்ட்டுக்கு பீஸ்ஃபுல்லா இருக்கணும். பத்து நிமிஷ வேலைதானே?"

பத்து நிமிஷம்கூட வேண்டாம். பச்சை பெயின்ட்டில் பிரஷைத் தோய்த்து நாலு இழுப்பு. பதினோரு ஓவியம். மனைவியின் தீர்ப்பு ரத்து. பையில் இருந்த பிரஷைத் தொட்டும் பார்த்துவிட்டேன்.

"முடியாது சார்" என்றேன். "நிலத்துக்காரம்மா ஒத்துக்க மாட்டாங்க."

ஜோக் என்று நினைத்து அவர் சிரித்தார். நான் படத்தைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

வீட்டில் நடந்ததையெல்லாம் சொன்னேன். திட்டு விழும் என்று காத்திருந்தால், மனைவி படத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். "இத்தனை வருஷத்துல இப்பதான் ஒருத்தர்கிட்ட முடியாதுன்னு சொல்லியிருக்கீங்க" என்றாள்.

வாஸ்தவம்தான். பென்ஷன் மாதாமாதம் ஒழுங்காக வர ஆரம்பித்த பிறகு எனக்கு முதுகெலும்பு முளைத்திருக்கிறது — மகா வீரன்தான், போங்கள்!