உலை முன்னால் பரபரத்த கை

ரசம் கொதிக்கும்போதுகூட மூடியைத் திறந்து திறந்து பார்ப்பவள் நான். மன்னார்குடியில் கணவரின் பட்டறையில் கத்தி செய்யப் பழகியபோதும், உலையில் வைத்த இரும்பை அடிக்கடி வெளியே இழுத்துப் பார்ப்பேன். சூடு சமமாக ஏறாது. தண்ணீரில் முக்கியதும் ‘டிக்’கென்று விரிசல் விடும்.

ஒரு நாள் இரும்பை இழுக்கப் போனபோது, கத்தி வாங்க வந்து காத்திருந்த மீன்காரம்மா சட்டென்று என் வலது கையைப் பிடித்துக்கொண்டார்.

“சும்மா விடும்மா. வாணல்ல மீனைப் புரட்டிக்கிட்டே இருந்தா உடைஞ்சுதானே போவும்?”

கை பரபரத்தது. இரும்பு முழுக்கச் சிவந்த பிறகுதான் விட்டார். தண்ணீரில் முக்கிவிட்டு, விரிசல் சத்தம் கேட்கிறதா என்று குனிந்து காதைக் கொடுத்தேன். சத்தமே இல்லை. நம்பாமல் குனிந்தே நின்றேன்.

“நிமிரும்மா, கத்தி பொழச்சிருச்சு.”

ரசத்தின் மூடியை இன்னும் திறந்து பார்க்கத்தான் செய்கிறேன். உலை முன்னால் மட்டும், என் இடது கை வலது கையைப் பிடித்துக்கொள்கிறது.