இடப்பக்கத் துணி மேலே வரவேண்டும்

எனக்கு ஜப்பானிய மொழியில் எழுபது, எண்பது வார்த்தை தெரியும். அத்தனையும் துணிமணி வார்த்தை. ஜப்பான்காரர் ஒருவர் எதிரே வந்து நின்றால் சாப்பிட்டீர்களா என்று கேட்கத் தெரியாது. அவர் உடுப்பின் கழுத்துப்பட்டிக்கு என்ன பெயர், கைக்கு என்ன பெயர், நாடாவுக்கு என்ன பெயர் என்று மட்டும் சொல்லிவிடுவேன். தருமபுரிக்குப் பக்கத்தில் ஒரு எக்ஸ்போர்ட் கார்மெண்ட்ஸில் இருபத்திரண்டு வருஷம் செக்கிங் டேபிளில் நின்று சம்பாதித்த சொத்தில் இதுவும் சேர்த்தி. மீதி, மூட்டுவலியும் மூக்குக்கண்ணாடியும்.

க்வாலிட்டி வேலைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகள் அனுபவம் ஏதாவது எழுதிக்கொடுங்கள் என்கிறார்கள். பெருமையாகச் சொல்ல நாலைந்து இருக்கிறது. இது அந்தக் கணக்கில் வராது. இருந்தாலும் எழுத உட்கார்ந்தால் இதுதான் முதலில் வருகிறது.

1. பாடம்

அதுவரை நாங்கள் சட்டைதான் தைத்துக்கொண்டிருந்தோம். திடீரென்று ஜப்பான் ஆர்டர் ஒன்று வந்தது. ஆஸ்பத்திரியில் நோயாளிகள் உடுத்துகிற நெமாகி. இரவு உடை என்று அர்த்தம். பார்க்கக் கிமோனோ மாதிரி இருக்கும், பருத்தித் துணி, பட்டன் கிடையாது. முன்பக்கம் இரண்டு பேனல். ஒன்றன்மேல் ஒன்றை மடித்து, இடுப்போரம் நாடாவால் முடிந்துகொள்ள வேண்டும். எப்படித் தைக்க வேண்டும் என்று அவர்கள் அனுப்பிய ஸ்பெக் ஷீட்டில் பாதி ஜப்பான் எழுத்து.

மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். "ஏம்மா, நீங்கதான் கொஞ்சம் படிச்சவங்க. வாரம் ரெண்டு நாள் அந்தம்மா வீடியோவுல சொல்லித் தருவாங்க. கத்துக்கிட்டு லைனுக்குச் சொல்லிக் குடுங்க" என்றார். அதே சம்பளத்தில் இன்னொரு வேலையும் சேர்ந்தது என்று நினைத்துக்கொண்டு தலையாட்டினேன்.

அந்தம்மா என்றது மோரி சான். சரக்கு வாங்குகிற பையர் தரப்பில் தரம் பார்க்கிறவர், அறுபது வயதிருக்கும். மெதுவான ஆங்கிலத்தில் பேசுவார். எரி என்றால் கழுத்துப்பட்டி. சோதே என்றால் கை. சுசோ என்றால் கீழ்மடிப்பு. ஹிமோ என்றால் நாடா. உடுத்துவதற்கே அவர்களிடம் ஒரு வார்த்தை போதாது. மேலுடம்பில் போட்டால் கிரு, காலில் ஏற்றினால் ஹாகு, தலையில் வைத்தால் கபுரு.

இதை லைனில் சொன்னபோது மாதம்மாள் சிரித்தாள். "நம்மூர்ல மட்டும் என்னங்க மேடம்? சட்டையப் போடறோம், சேலையக் கட்டறோம், செருப்ப மாட்டறோம், பூவ வெக்கறோம். அவங்களும் நம்மளாட்டம்தான்" என்றாள்.

மாதம்மாள் அந்தத் தையல் லைனுக்கு சூப்பர்வைசர். பாப்பாரப்பட்டியிலிருந்து தினமும் கம்பெனி பஸ்ஸில் வருவாள். வீட்டில் ஜாக்கெட் தைத்துப் பழகிய கை. முப்பது மெஷினில் எது தையல் விடுகிறது என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவாள்.

மோரி சானிடம் ஒரு பழக்கம். வார்த்தையோடு நிறுத்தமாட்டார். அதை யார் உடுத்துவார்கள், எப்போது உடுத்துவார்கள், எப்படி மடித்து வைப்பார்கள் என்று இழுத்துக்கொண்டே போவார். எனக்கோ பின்னால் லாரி நிற்கும், கார்ட்டன் ஒட்ட ஆள் இருக்காது. தைக்கிறவளுக்குத் துணியின் கதை எதற்கு என்று எரிச்சலாக வரும். ஒருநாள் அவர் உடுத்தும் முறை என்ற பாடத்தை ஆரம்பித்தார். "இடப்பக்கத் துணி மேலே வரவேண்டும். ஏனென்றால்..." என்றார். நான், "நோட் பண்ணிக்கொண்டேன், மீதியை அடுத்த வாரம் பார்க்கலாம்" என்று சொல்லி வீடியோவை அணைத்தேன். அடுத்த வாரமும் லாரி நின்றது.

2. ஒரு வார்த்தை

முதலில் ஆண்கள் அளவு ஓடியது. ஒரு குறையும் இல்லை. அதன்பின் பெண்கள் அளவு லைனில் ஏறியது. மத்தியானம் சாப்பாட்டுக்கு முன்னால் மாதம்மாள் ஒரு பீஸைத் தூக்கிக்கொண்டு என் டேபிளுக்கு வந்தாள்.

"மேடம், ஷீட்டுல தப்பா வந்திருக்குங்க. லேடீஸ் பீஸுக்கும் ஜென்ட்ஸ் மாதிரியே இடதுபக்கம் மேல வர்றாப்பல நாடா போட்டிருக்காங்க. பொம்பள சட்டைன்னா வலதுதான மேல வரணும்? அவசரத்துல ஜென்ட்ஸ் ஷீட்டையே காப்பி பண்ணிட்டாங்களாட்ட இருக்கு. மாத்திடட்டுங்களா?"

அவள் சொன்னதில் தையற்காரி யாரும் குறை காணமாட்டாள். இத்தனை வருஷம் நாங்கள் தைத்த சட்டையெல்லாம் அப்படித்தான். ஆணுக்கு இடது மேலே, பெண்ணுக்கு வலது மேலே. ஒரு மெயில் போட்டுக் கேட்டிருக்கலாம். காலையிலிருந்து நின்ற கால் கடுத்தது. மெயில் போட்டால் பதில் வரும்வரை லைன் நிற்கும், மேனேஜர் கத்துவார். இடப்பக்கம் மேலே என்று மோரி சான் சொன்னதுகூட எனக்கு ஞாபகம் வந்தது. அது ஆண்கள் அளவுக்குச் சொன்னதாக இருக்கும் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன்.

"மாத்திக்க மாதம்மா" என்றேன்.

அவ்வளவுதான். எழுத்தில் இல்லை, கையெழுத்து இல்லை, பக்கத்தில் ஆள் இல்லை.

3. இன்ஸ்பெக்ஷன்

ஃபைனல் இன்ஸ்பெக்ஷனுக்கு மோரி சான் நேரிலேயே வந்துவிட்டார். பெங்களூரிலிருந்து காரில் வந்து இறங்கியவர், எல்லாருக்கும் குனிந்து வணக்கம் சொன்னார். பெண்கள் அளவில் ஒரு கார்ட்டனைப் பிரித்து, ஒரு நெமாகியைத் தன் உடுப்புக்கு மேலேயே போட்டுக்கொண்டார். உள்நாடாவை முடிந்தார். வெளிநாடாவை எடுத்தார். அப்படியே நின்றுவிட்டார்.

பிறகு அதைக் கழற்றி, மேஜைமேல் விரித்து, ஒரு சுருக்கமில்லாமல் மடித்தார். கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். மெதுவாகத்தான் சொன்னார். சட்டைக்கு நீங்கள் செய்தது சரி. இது கிமோனோ வகை. ஆணோ பெண்ணோ, உயிரோடு இருக்கிறவர்களுக்கு இடப்பக்கம்தான் மேலே வரும். வலப்பக்கத்தை மேலே போட்டு உடுத்துவது இறந்தவர்களுக்கு மட்டும். இதை நாங்கள் ஆஸ்பத்திரிக்கு அனுப்பப்போகிறோம்.

நான் அதைத் தமிழில் சொன்னேன். லைனில் ஒருத்தி மெஷினை நிறுத்தினாள். "ஐயோ, பொணத்துக்கு உடுத்தறாப்பல தச்சுட்டமாங்க?" என்றாள். வேறு விளக்கம் யாருக்கும் தேவைப்படவில்லை. நம் ஊரிலும் சாவுக்கு எல்லாவற்றையும் இடமாகத்தானே சுற்றுகிறோம். நோயில் படுத்திருக்கிற ஒரு பெண்ணுக்கு இதை உடுத்திவிட்டால் அவள் மனசு என்ன பாடுபடும் என்று எல்லாருக்கும் புரிந்தது. இரண்டு பேர் அழுதார்கள்.

மேனேஜர் முகம் கறுத்துவிட்டது. "ஷீட்டுல சரியாத்தான இருக்கு? யார் மாத்துனது?"

மாதம்மாள் முன்னால் வந்தாள். "நான்தாங்க சார் மாத்துனேன்."

"யாரக் கேட்டு மாத்துன?"

அவள் என்னை ஒரு தடவை பார்த்தாள். நான் ஸ்பெக் ஷீட்டைப் புரட்டிக்கொண்டிருந்தேன். புரட்ட அதில் ஒன்றுமில்லை. மகளுக்குக் காலேஜ் கடைசி வருஷம், வீட்டுக்காரருக்கு வேலை இல்லை என்று மனசு காரணங்களை அடுக்கிக்கொண்டிருந்தது. மாதம்மாளுக்கும் வீடு இருக்கிறது, பிள்ளைகள் இருக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியாததல்ல.

"நாளையிலருந்து வர வேண்டாம்" என்றார் மேனேஜர். அவள் டிபன் பையை எடுத்துக்கொண்டு போனாள்.

அடுத்த ஆறு நாள் ரீவொர்க். பதினோரு கார்ட்டன். நாடாவைப் பிரித்து, ஊசித் துளை தெரியாமல் ஸ்டீம் அயர்ன் போட்டு, மறுபடி தைத்தோம். ஒவ்வொரு பீஸையும் நானே உடுத்திப் பார்த்து அனுப்பினேன். உடம்பு நொந்தால் மனசு ஆறும் என்று நினைத்தேன். உடம்புதான் நொந்தது.

ஏழாம் நாள் மேனேஜர் அறைக்குப் போய் உண்மையைச் சொன்னேன். வேலை போகும் என்று தயாராகத்தான் போனேன். அவர் கம்ப்யூட்டரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "இத இப்ப வந்து சொல்றீங்களேம்மா. சரக்குதான் போயிருச்சே. மாதம்மா வர்றதுன்னா வரச் சொல்லுங்க" என்றார். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. அதுதான் இன்னும் கேவலமாக இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமையே பாப்பாரப்பட்டிக்கு பஸ் ஏறினேன். மாதம்மாள் வீட்டில் ஜாக்கெட்டுக்கு ஊக்கு வைத்துக்கொண்டிருந்தாள். "வாங்க மேடம், வூடு தேடி வந்திருக்கீங்க" என்று சேர் எடுத்துப் போட்டாள். டீ கொடுத்தாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். மேனேஜர் திரும்ப வரச் சொன்னார் என்றேன். மன்னித்துவிடு என்றேன்.

"வரலீங்க" என்றாள்.

"என் பேரச் சொல்லியிருந்தா ஒனக்கு வேல போயிருக்காதே மாதம்மா. ஏன் சொல்லல?" என்று கேட்டேன். அவள் என்னைக் காப்பாற்றினாள் என்றுதான் அத்தனை நாளும் நம்பிக்கொண்டிருந்தேன்.

அவள் நூலைப் பல்லால் கடித்தாள். "ஒங்களக் காப்பாத்தணும்னு ஒண்ணும் இல்லீங்க மேடம். நீங்களே சொல்லுவீங்கன்னு பாத்துக்கிட்டு நின்னேன்."

அதன்பிறகு ரிட்டயர் ஆகும்வரை, லைனில் யார் எதை மாற்றலாமா என்று கேட்டாலும், பதிலை ஷீட்டிலேயே எழுதி, கீழே என் பெயரைப் போட்டுத்தான் கொடுத்தேன். நீங்களும் அப்படிச் செய்யுங்கள். பேனா எடுக்க நேரமில்லாத நாளும் வரும். அன்றைக்கு யாராவது உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றால், உடனே வாயைத் திறங்கள். நான் ஏழு நாள் தாமதமாகத் திறந்தேன்.