ஆயிரத்தில் ஒன்று குறைகிறது

சென்னையில் ஆறு வருடம் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு, முகம் தெரியாதவர்கள் திட்டுவதைக் கேட்டுச் சம்பளம் வாங்கினேன். அலுத்துப்போய் வில்லியனூருக்குத் திரும்பி, ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு செல்போன் கடையின் மாடியில் விளையாட்டுக் கடை வைத்தேன். பேட், பந்து விற்கும் கடை இல்லை. உட்கார்ந்த இடத்தில் ஆடுகிற போர்டு கேம், கியூப், துண்டு துண்டாகச் சேர்த்துப் படமாக்குகிற பசில், இந்த மாதிரி. கால் சென்டர் பாடம் மட்டும் என்னை விட்டுப் போகவில்லை. முதல் நாள் மாடியேறி வந்த பெரியவரிடம், "வணக்கம் ஐயா, நான் உங்களுக்கு எப்படி உதவலாம்?" என்றேன். அவர் மிரண்டுபோய், "ஒண்ணும் வேணாம்மா, ரீசார்ஜ் பண்ணலாம்னு வந்தேன்" என்று சொல்லிவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டே இறங்கிப் போனார்.

அந்த வருடம் மழைக்கு முன்னால் ஒருநாள் மதியம், மீன் விற்கிற அக்கா ஒருத்தர் காலி அலுமினிய அன்னக்கூடையை இடுப்பில் வைத்தபடி மேலே வந்தார். பூரணாங்குப்பத்திலிருந்து தினமும் மார்க்கெட்டுக்கு வருகிறவர். நான் வாயைத் திறப்பதற்குள் அவரே ஆரம்பித்தார்.

"பாப்பா, ஒரு மனுசன் வாயே தொறக்காம ஒரே எடத்துல ஒக்காந்துக்கினு இருக்கணும். அப்டி எதுனா வச்சிருக்கியா?"

"எத்தனை வயசுக்குக்கா?"

"அம்பத்தி ரெண்டு. என் வூட்டுக்காரரு."

படகைக் கரைக்கு ஏற்றும்போது வழுக்கி விழுந்து முழங்காலுக்குக் கீழே எலும்பு விட்டுப்போய், மாவுக்கட்டோடு வீட்டில் இருக்கிறாராம். கடலில் கத்திக் கத்திப் பழகின குரல். இப்போது அது முழுக்க வீட்டுக்குள்ளே. குழம்பில் புளி அதிகம், கதவைச் சாத்துகிற சத்தம் அதிகம், பக்கத்து வீட்டுக்காரன் இத்தனை முறை வெளியே போகிறானே ஏன் என்று காலையிலிருந்து கேள்வி.

ஆயிரம் துண்டு பசில் ஒன்றை எடுத்துக் காட்டினேன். கலங்கரை விளக்கம், அலை, பாய்மரப் படகு.

"ஐயோ, கடலு வேணாம். பாத்தா இன்னும் பொலம்புவாரு. அந்தப் பனிமலைய குடு."

பனிமலையும் ஏரியும் கோட்டையும் உள்ள படத்தை வாங்கிப் போனார். நல்ல சேவை செய்தோம் என்று எனக்கு ஒரே பெருமை.

இரண்டு வாரம் கழித்து வந்தார். முகத்தில் திருப்தி இல்லை.

"வாய மூடுவாருன்னு நீ சொன்னியே? தெருவே எங்க வூட்ல கீது. 'அந்த ஊதா துண்ட எட்றா', 'வானத்த தொடாத, அத நான் பாத்துக்கறேன்'னு ஒரே அதிகாரம். எல்லாருக்கும் நாந்தான் டீ போடறேன்."

"உங்க சிரமம் எனக்குப் புரியுதுக்கா. ஏற்பட்ட அசௌகரியத்துக்கு வருந்தறேன்."

"புரிஞ்சா நீ வந்து டீ போடு."

ஆறு வருடத்தில் அந்த வாக்கியத்துக்கு இப்படி ஒரு பதில் எனக்கு வந்ததே இல்லை. நான் சிரித்தேன். அவரும் சிரித்துவிட்டார். ஆனால் அடுத்த வாரம் வந்தபோது அவர் சிரிக்கவில்லை. அன்னக்கூடையைக் கீழே வைத்து, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"ஒண்ணு கொறையுது."

"இன்னாக்கா கொறையுது?"

"ஆயிரத்துல ஒண்ணு. கோட்ட ஜன்னலு. படம் முடிஞ்சிபோச்சி, ஜன்னலு மட்டும் ஓட்ட. ராத்திரி பகலு தூங்கல அவரு. எங்களையும் தூங்க வுடல."

பிரித்த பெட்டியைத் திரும்ப எடுப்பதில்லை என்று சுவரில் எழுதி ஒட்டியிருந்தேன். அதைக் காட்டினேன். "பெட்டி யாருக்கு வேணும்? எனக்கு ஜன்னலு குடு" என்றார். அந்தப் பசிலில் அது ஒன்றுதான் கடைக்கு வந்திருந்தது, வேறு பெட்டியிலிருந்து எடுத்துத் தரவும் வழியில்லை. மீன் வாசனை கடை முழுக்கப் பரவியது. கியூப் பார்க்க வந்த இரண்டு கல்லூரிப் பெண்கள் மூக்கைத் துடைக்கிற மாதிரி மூடிக்கொண்டு கிளம்பினார்கள். நான் கடையைச் சாத்திவிட்டு, அவரை ஸ்கூட்டியில் பின்னால் உட்காரவைத்துக் கிளம்பினேன். அன்னக்கூடையை அவர் என் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டார். வெயிலுக்கு நல்லதாகத்தான் இருந்தது. எதிரில் வந்த பஸ் டிரைவர்தான் எங்களையே பார்த்துக்கொண்டு போனார்.

வீட்டில் ஒரு பழைய கதவுப் பலகையைக் கட்டிலுக்குக் குறுக்கே போட்டு, அதன்மேல் பனிமலை விரிந்திருந்தது. பலகைக்கு அடியில் மாவுக்கட்டுக் காலை நீட்டியபடி அந்த அண்ணன். வாசலில் ஏழெட்டுப் பேர்.

"வாம்மா. கம்பெனிக்காரன் ஏமாத்திட்டான். நீ இன்னா பண்ணுவ, பாவம்."

அவர் என்னைத் திட்டியிருந்தால் தேவலை. நான் சுடிதாரைச் செருகிக்கொண்டு கட்டிலுக்கு அடியில் தவழ்ந்தேன். ஒரு சீப்பு, காய்ந்த எலுமிச்சை, தூண்டில் முள் ஒன்று. ஜன்னல் இல்லை. நிமிரும்போது தலை பலகையில் இடித்து, மலையில் ஒரு பகுதி சரிந்தது. வாசலில் இருந்த எல்லாரும் ஒரே நேரத்தில் "அய்யய்யோ!" என்றார்கள். என் தலைக்காக இல்லை.

அப்போதுதான் அண்ணன் முகத்தைச் சுளித்து, ஒரு விளக்குமாற்றுக் குச்சியைக் கட்டுக்குள் விட்டுச் சொறிந்தார்.

"வலிக்குதாண்ணே?"

"வலி இல்ல. நாலு நாளா உள்ள எதுவோ குத்துது. எலும்பு சரியா சேரலன்னு நெனைக்கறேன்."

நானும் அக்காவும் ஒருவரையொருவர் பார்த்தோம். போனில் டார்ச்சைப் போட்டுக் கட்டுக்குள் அடித்தேன். கெண்டைக்கால் முடிகளுக்கு நடுவில் சாம்பல் நிறத்தில் ஒரு மூலை எட்டிப் பார்த்தது. கோட்டை ஜன்னல்.

தெருவே வரிசையில் நின்று பார்த்தது. "இன்னாத்த நாலு நாளா எலும்பு எலும்புன்ன?" என்று அக்கா கேட்க, ஊரை நடுங்கவைத்த குரல்காரர் கூரையைப் பார்த்தார். இதோடு விட்டிருக்கலாம். கஸ்டமரைப் பாதியில் விடக்கூடாது என்ற பழக்கம் என்னை விடவில்லை. அக்காவின் ஹேர்பின்னை வாங்கி மெதுவாக உள்ளே விட்டேன். மூலையைத் தொட்டேன். துண்டு நழுவி இன்னும் கீழே போய் மறைந்தது.

அண்ணனே என்னைத் தேற்றினார். "வுடு பாப்பா. வலையில மாட்டாத மீனா? வியாழக்கெழம கட்டு பிரிக்கறாங்க."

ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து கேட்டோம். வலியோ வீக்கமோ இல்லையென்றால் வியாழக்கிழமை வரலாம், அதுவரை எந்தக் குச்சியும் உள்ளே போகக்கூடாது என்றார்கள். அந்த ஆறு நாளும் எனக்குக் கடையில் மனசே ஒட்டவில்லை.

வியாழக்கிழமை நானும் போனேன். கட்டு வெட்டுகிறவர் மெஷினை நிறுத்தி இரண்டு பக்கமும் பிரித்தார். உள்ளிருந்து சுருங்கிய துண்டு ஒன்றை இடுக்கியால் எடுத்து, "இது இன்னா?" என்று எங்களைப் பார்த்தார்.

"எங்க கடை பொருளுங்க" என்றேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது.

வேர்வையில் ஊறிக் காலின் வளைவுக்கே வளைந்திருந்தது. அதை ஒரு கவரில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தோம். அண்ணன் அதைக் கையில் எடுத்தார். அதுவரை பசிலைத் திரும்பியும் பார்க்காத அக்கா, "குடு இப்டி" என்று பிடுங்கி, ஓட்டையில் வைத்துக் கட்டைவிரலால் அழுத்தினார். ஒரு பக்கம் அமுக்கினால் மறுபக்கம் எழும்பியது. கடைசியில் கோட்டைக்கு ஜன்னல் திறந்திருக்கிற மாதிரியே நின்றது.

சட்டம் போட்டு மாட்டச் சொல்லலாம் என்று நான் போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். அண்ணன் ஒரு கையால் ஓரத்திலிருந்து வழித்து எல்லாவற்றையும் பெட்டிக்குள் தள்ளிவிட்டார்.

"அய்யோ அண்ணே!"

"முடிஞ்சிபோச்சில்லம்மா. பலக வேணும், கருவாடு காயப் போடணும்."

நான்தான் போனை நீட்டியபடியே நின்றேன். அங்கே வேறு யாருக்கும் அது பெரிய விஷயமாகப் படவில்லை. அண்ணன் கட்டில் சட்டத்தைப் பிடித்து எழுந்தார். கட்டு இருந்த கால் மட்டும் வெளுத்து, மெலிந்து, வேறொருவருடைய கால் மாதிரி இருந்தது. அக்கா பிடிக்கப் போனார், வேண்டாம் என்று கையைத் தட்டிவிட்டார். வாசல் வரை நாலடி. மூன்றாவது அடியில் தள்ளாடி, நின்று, மறுபடி வைத்தார். நாங்கள் எல்லாரும் அந்தக் காலையே பார்த்துக்கொண்டு நின்றோம்.