பிள்ளையார் பார்த்துக் கொடுத்த ப்ராசஸர்

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டருக்கு எந்த ப்ராசஸரைப் போடுவது என்பதைக் காரைக்குடியில் எங்கள் தெருமுனைப் பிள்ளையார்தான் முடிவு செய்தார். அவர் சார்பில் பொட்டலத்தை எடுத்தவள் நான் என்பதால் இதை அடித்துச் சொல்லலாம். அப்போது எனக்கு ஏழு வயது.

தொண்ணூறுகளின் கடைசி. பத்தாவதில் நல்ல மார்க் எடுத்தால் கம்ப்யூட்டர் வாங்கித் தருவதாக அப்பா அண்ணனுக்கு வாக்குக் கொடுத்திருந்தார். அண்ணனும் எடுத்துத் தொலைத்துவிட்டான். கடையில் முழுசாக வாங்கக் கட்டுப்படியாகாது. பாகங்களை வாங்கி வந்தால் தானே மாட்டித் தருவதாக மாமா சொன்னார். மாமா அம்மாவின் தம்பி, ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் எடுத்துக்கொண்டிருந்தார். அண்ணனுக்கு வேண்டியது கார் ரேஸ் மட்டும்தான். மாமாவின் சென்டரில் அதை ஒருமுறை ஆடிவிட்டு வந்ததிலிருந்து சோற்றுத் தட்டைக்கூட ஸ்டியரிங் மாதிரி திருப்பிக்கொண்டிருந்தான்.

அப்பாவுக்குச் சிவகங்கையில் கிளார்க் வேலை. அந்த வருஷம் பஸ் படியில் தடுக்கி விழுந்து முன்பல் இரண்டு போயிருந்தன. பல் கட்டிக்கொள்ளச் சொல்லி அம்மா நச்சரிக்கும்போதெல்லாம், கம்ப்யூட்டர் முடியட்டும் என்பார். சிரிப்பு வந்தால் துண்டால் வாயை மூடிக்கொள்வார். ஆபீசில் யாராவது ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். வரவர வீட்டிலும் பேச்சைக் குறைத்துக்கொண்டார். எனக்கென்னவோ அந்த ஓட்டைப் பல் பிடித்துத்தான் இருந்தது.

ஒரு நாள் சாப்பிடும்போது மாமா விஷயத்தை உடைத்தார். இரண்டு ப்ராசஸர் இருக்கிறதாம். ஒன்று மலிவு, சாதாரண வேலைக்கெல்லாம் ஓடும். ஆனால் அதில் கேஷ் கிடையாது, கேம் போட்டால் திணறும். இன்னொன்றில் கேஷ் உண்டு, விலையும் உண்டு. கேஷ் என்றால் என்னவென்று அம்மா கேட்டதுதான் வினையாகப் போயிற்று.

“அஞ்சறைப்பெட்டின்னு வச்சுக்கக்கா. அடுப்புக்குப் பக்கத்துல இருந்தா டக்குனு எடுத்துத் தாளிச்சிரலாம். இல்லேன்னா கடுகுக்கு ஒருவாட்டி, சீரகத்துக்கு ஒருவாட்டி சாமான் ரூமுக்கு ஓடணும்.”

“அஞ்சறைப்பெட்டி இல்லாம எப்பிடிப்பா சமைக்கிறது?” என்று அம்மா அந்த நிமிஷமே கட்சி மாறினாள். “என்னங்க, நீங்க என்ன சொல்றீக?”

“நல்லதாவே வாங்குவோம். பல்லை அடுத்த வருஷம் பாத்துக்கலாம்” என்றார் அப்பா, துண்டுக்குள்ளிருந்து.

துள்ளிக் குதித்திருக்க வேண்டிய அண்ணன் தட்டைத் திருப்புவதை நிறுத்திவிட்டு அப்பாவைப் பார்த்தான். பிறகு, “எதுக்கும் பூக்கட்டிப் பாத்துருவோம்ப்பா” என்றான்.

எங்கள் வீட்டில் சம்பந்தம் பேசுவதற்கும் இடம் வாங்குவதற்கும் பூக்கட்டிப் பார்ப்பது வழக்கம். இரண்டு நிறப் பூக்களைத் தனித்தனியாக இலையில் மடித்துச் சாமிக்கு முன்னால் வைத்து, ஒரு குழந்தையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். வந்தது வந்ததுதான்; அப்புறம் மறுபேச்சு கிடையாது. கம்ப்யூட்டருக்குப் பூக்கட்டின குடும்பம் உலகத்திலேயே நம்முடையதாகத்தான் இருக்கும் என்று மாமா தலையில் அடித்துக்கொண்டார். ஆனால் சாமி காரியம் என்று வந்துவிட்டால் அம்மாவைத் தடுக்க ஆளில்லை.

வெள்ளிக்கிழமை காலை எல்லாரும் கோயிலுக்குப் போனோம். சிவப்பு அரளி வந்தால் விலை கூடினது, வெள்ளை அரளி வந்தால் மலிவு. பொட்டலங்களை அண்ணனே வாழையிலையில் மடித்து நூல் சுற்றிக் கொண்டுவந்தான். சிவப்பு, சிவப்பு என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே நான் ஒன்றை எடுத்தேன். அம்மா பிரித்தாள். வெள்ளை.

“சாமியே சொல்லிருச்சு, இனி என்ன” என்றாள் அம்மா. அண்ணன் என் தலையில் ஒரு குட்டு வைத்து, “போயும் போயும் இதையா எடுத்தே?” என்றான். நான் ஓவென்று அழுதேன்.

பெரியவர்கள் சந்நிதியைச் சுற்றப் போனார்கள். வராமல் போன அந்தச் சிவப்புப் பூவையாவது கண்ணால் பார்ப்போம் என்று மற்றப் பொட்டலத்தைப் பிரித்தேன். அதிலும் வெள்ளை. வாயைத் திறப்பதற்குள் அண்ணன் அதைப் பிடுங்கிக் கால்சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டான்.

“யாருகிட்டயும் சொல்லக் கூடாது. சொன்னே, கம்ப்யூட்டர் பக்கமே விட மாட்டேன்.”

நான் சொல்லவில்லை. அவசரத்தில் பூவை மாற்றி வைத்துக் கட்டிவிட்டான், வெளியே தெரிந்தால் அவமானம் என்று மறைக்கிறான் என்றே நினைத்தேன். அவ்வளவு ஆசைப்பட்டும் தன் கையாலேயே கெடுத்துக்கொண்டானே என்று எனக்கு அவன்மேல் இரக்கமாக இருந்தது. அவனுக்காகத் தினமும் பிள்ளையாரிடம் சிபாரிசுகூடச் செய்தேன். அவர் அசையவில்லை. மலிவு ப்ராசஸர்தான் வந்தது.

மாமா சொன்னது போலவே கேம் திணறியது. வளைவு வந்தால் கார் அப்படியே நின்றுவிடும். யோசித்து யோசித்து ஓரடி நகரும். அதற்குள் அப்பா பல் கட்டியிருந்தார். சாயங்காலம் அவரும் எங்களோடு உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பார். “இது நம்ம சிவகங்கை பஸ்ஸுல்லடா” என்று சொல்லிவிட்டு, துண்டைத் தேடாமல், தொண்டை தெரியச் சிரிப்பார். அந்த நேரம் பார்த்து அண்ணன் திரையை விட்டுவிட்டு அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பான். கார் போய்ச் சுவரில் மோதும். கார் ரேஸ் கார் ரேஸ் என்று உயிரை விட்டவனுக்கு ரோட்டைப் பார்த்து ஓட்டக்கூடத் தெரியவில்லையே என்று எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வரும்.