ஏழாவது டிவிடி

விழிதியூர் விவசாயி ஜெயராமனின் நெஞ்சு ஸ்கேனில், நுரையீரல் ஓரத்தில் பட்டாணி அளவுக்கு ஒரு புள்ளி தெரிந்தது. எங்கள் ஸ்கேன் டாக்டர் ஸ்டெல்லா வழக்கமாக இன்டர்காமில்தான் கூப்பிடுவார். அன்று காலை அவரே என் அறைக்கு நடந்து வந்தார்.

“சாந்தி, இவருக்கு பன்னெண்டு வருஷம் முன்னாடி நம்மகிட்டயே ஒரு ஸ்கேன் எடுத்திருக்கு. டிராக்டர்லேருந்து விழுந்தப்ப. அது கிடைக்குமா?”

“ஃபிலிம் அவங்ககிட்ட இருக்குமே டாக்டர்?”

“புயல்ல வீட்டுக்குள்ள தண்ணி வந்து போச்சாம். இந்தப் புள்ளி அப்பவே இருந்து, இப்பவும் அதே அளவுன்னா பயமில்ல. இல்லன்னா நாளைக்குப் பாண்டிச்சேரிக்குப் போயி, ஊசி வச்சு சதை எடுத்துப் பாக்கணும்.”

காரைக்காலில் இந்தத் தனியார் மருத்துவமனையின் கம்ப்யூட்டர் பிரிவில் இருபத்தாறு வருடமாக இருக்கிறேன். அந்த ஸ்கேன் எடுத்த வருடமே பழைய யூனிக்ஸ் சர்வரைக் கழித்தபோது பேக்கப் எடுத்தது நான்தான். எல்லா ஸ்கேன் படங்களையும் டார் கட்டளையால் ஒரே ஃபைலாகக் கட்டி, ஸ்பிளிட் கட்டளையால் பதினொரு துண்டாக வெட்டி, துண்டுக்கு ஒரு டிவிடி எழுதினேன். ஸ்பிளிட் இடம் பார்த்து வெட்டாது. அளவு நிறைந்தால் ஒரு படத்தின் நடுவிலும் வெட்டிவிடும்.

யாருடைய படம் எந்தத் துண்டில் என்ற பட்டியலை நோட்டில் ஒட்டி வைத்திருந்தேன். ஒவ்வொரு துண்டுக்கும் செக்சமும் எழுதியிருந்தேன். துண்டுக்குள் ஒரே ஒரு பிட் மாறினாலும் மாறிவிடும் முப்பத்திரண்டு எழுத்துக் குறி அது. ஆனால் இரண்டாவது செட் எடுக்கவில்லை. “ஒரு செட்டு போதும்மா, சர்வர இன்னைக்கே தூக்கணும்” என்றார் அப்போதைய நிர்வாகி. நானும் தலையாட்டினேன். தப்பு என்னுடையதுதான்.

பட்டியலைப் பார்த்தேன். ஜெயராமனின் நெஞ்சில் மேல்பாதி ஆறாவது டிவிடியின் கடைசியில், கீழ்ப்பாதி ஏழாவதின் தொடக்கத்தில். டாக்டருக்கு வேண்டியது கீழ்ப்பாதி. ஆறாவது ஒழுங்காக ஏறியது. ஏழாவது ஒரு சதவீதம்கூட ஏறாமல் நின்றது.

மென்மையான துணியால் நடுவிலிருந்து ஓரம்வரை துடைத்துப் போட்டேன். மறுபடியும் அதே எரர். ஜெயராமனின் மனைவி வளர்மதி வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

“கெடச்சிருமா மேடம்?”

“இந்தத் தட்டு ஏற மாட்டேங்குதும்மா. பாத்துக்கிட்டே இருக்கேன்.”

“இதுலயா அவரு இருக்காரு?”

“பாதி இதுல இருக்காரு.”

அவர் தட்டைத் தொடவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார்.

ஒரு டிரைவ் படிக்காததை இன்னொன்று படிப்பதுண்டு. மருந்தகத்தில் இருந்த பழைய கம்ப்யூட்டருக்குத் தட்டை எடுத்துப் போனேன். படிக்க முடியாத இடத்தைத் தாண்டிப் போய், பிறகு திரும்பி வந்து திரும்பத் திரும்ப முயலும் புரோகிராம் ஒன்றை ஓட்டினேன். விட்டுப்போன இடங்கள் நாற்பத்தொன்று என்று காட்டியது. பிறகு பதினேழு. ஒரு மணி நேரம் மூன்றிலேயே நின்றது. டிரைவ் முனகும், நிற்கும், மறுபடி முனகும். மதியச் சாப்பாட்டு நேரமும் தாண்டிய பிறகு பூஜ்யம் வந்தது.

“நா வாசிக்கிறேன், நீங்க நோட்டப் பாருங்க” என்றார் மருந்தகத்தின் சல்மா. திரையில் வந்த செக்சத்தை எழுத்து எழுத்தாக வாசித்தார். முப்பத்திரண்டும் பொருந்தின. பன்னிரண்டு வருட உப்புக்காற்றில் கிடந்த தட்டில் ஒரு பிட்கூட மாறவில்லை.

ஆறாவது, ஏழாவது துண்டுகளை ஒரே ஃபைலாக ஒட்டி, படங்களைப் பிரித்தெடுத்தேன். நடுவில் வெட்டுப்பட்டிருந்த படம் தழும்பில்லாமல் திறந்தது. அதற்கு மூன்று படம் தள்ளி, நுரையீரல் ஓரத்தில் அந்தப் புள்ளி இருந்தது. டாக்டர் பழையதையும் புதியதையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து அளந்தார். அன்றும் ஏழு மில்லிமீட்டர், இன்றும் ஏழு. ஜெயராமனை உள்ளே கூப்பிட்டார்.

“பாண்டிச்சேரி வேணாங்க. வீட்டுக்குப் போங்க.”

“அப்ப நாளைக்கு நாத்துப் பறிக்கலாங்களா டாக்டர்?” என்றார் ஜெயராமன்.

புதிதாக வேலைக்கு வருபவர்களுக்கு ஒன்று சொல்வேன். எழுதி வைத்ததோடு விடாதீர்கள், அவ்வப்போது திரும்பப் படித்துப் பாருங்கள். அந்த வாரமே மற்ற பத்துத் தட்டுகளையும் படித்தேன். ஒன்பதாவது திணறித் திணறித்தான் ஏறியது. அதில் எண்பத்திரண்டு பேர் இருந்தார்கள். புதுத் தட்டில் எழுதும்போது அவர்கள் பெயரையும் ஊரையும் ஒவ்வொன்றாக வாசித்தேன். அம்பகரத்தூர், கோவில்பத்து, திருநள்ளாறு. இப்படி ஒருத்தி தங்களை வாசித்துக்கொண்டிருக்கிறாள் என்று அவர்களில் ஒருவருக்கும் தெரியாது.